கடைசி ரீல்

வலங்கைமான் சுற்றுவட்டார டூரிங் கொட்டகைகளில் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஒத்தை மெஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவோம். அந்த இரண்டு நிமிஷத்தில் மணல் தரையில் உட்கார்ந்திருக்கும் சனங்கள் பேசிக்கொள்வது மெஷின் ரூம் ஓட்டை வழியாக என் காதில் விழும். சினிமாவுக்குக் கதை எழுத வேண்டுமென்று என் திண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்கு அங்கே கற்றதைத்தான் சொல்கிறேன்.

1. முதலில் ‘சிந்து பைரவி’யைப் பாருங்கள். 1985இல் வந்தது. எடுத்த பாலசந்தர் நம்ம நன்னிலம் பக்கம் நல்லமாங்குடியில் பிறந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் அந்தக் கடைசி ரீல் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

சிந்து யார்? பெரிய வித்வான் ஜேகேபியின் கச்சேரி நடுவே எழுந்து, எல்லோருக்கும் புரிகிற தமிழில் பாடக்கூடாதா என்று கேட்கிறவள். நீயே பாடு பார்க்கலாம் என்றதும் ‘பாடறியேன்’ என்று நாட்டுப்பாட்டில் தொடங்கி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். தியாகராஜர் காம்போதியில் செய்த கீர்த்தனை அது. இளையராஜா அதைச் சாரமதியில் அமைத்தார். சித்ராவுக்கு அந்தப் பாட்டு தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. எங்கள் கொட்டகையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை இறக்கிவிட்டுக் கேட்டார்கள்.

அந்தப் பெண் கடைசியில் என்ன செய்கிறாள்? ஜேகேபியின் பிள்ளையைப் பெற்று, பிள்ளையில்லாத அவர் மனைவி பைரவியிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போகிறாள். தன்னைப்போல் அது அநாதையாக வளரக் கூடாது என்கிறாள். காரணம் நியாயம்தான், சிந்துவாக வரும் சுஹாசினியின் நடிப்பிலும் குறையில்லை. ஆனால் அவள் வந்தது பாட்டைப் பற்றிக் கேட்க. படம் பிள்ளையைப் பற்றிப் பதில் சொல்லி அவளை அனுப்பிவிடுகிறது.

2. கண்ணீரை நம்பாதீர்கள். அந்தப் படம் ஓடிய அன்றைக்குக் கொட்டகையில் எல்லாப் பெண்களும் அழுதார்கள். படம் விட்டு, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே போன ஒரு நடவுக்கார அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார்: “அது சரிடி, அந்தப் பொண்ணு இனிமே எங்க பாடும்?” அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு முடிவையும் அந்த அம்மா முன்னால் வைத்துப் பாருங்கள்.

3. முடிவுக்கான விதையைப் போடத் தெரியாதவர் இல்லை பாலசந்தர். குடித்துவிட்டு வந்த மிருதங்க வித்வானை விலக்கிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார் ஜேகேபி. பிறகு அவரே குடியில் விழுகிறார். அந்த வீழ்ச்சி நம்மை அடிப்பதற்குக் காரணம், முன்னாலேயே போட்ட அந்தக் கச்சேரிதான். சிந்துவின் பிரிவுக்கு அநாதைத் துயரம் என்ற விதை உண்டு, அவளுடைய சங்கீதத்துக்குத்தான் அறுவடையே இல்லை. பின்னாளில் அவரே ‘சஹானா’ என்ற டிவி தொடரில் இந்தக் கதையைத் தொடர்ந்தார். கணக்கு தீரவில்லை என்று அவருக்கும் பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

4. அவரே எடுத்த ‘அவள் ஒரு தொடர்கதை’யையும் (1974) உடனே பாருங்கள். குடும்பத்தையே சுமக்கும் கவிதா, தன் கல்யாணத்தைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பழையபடி வேலைக்குப் பஸ் ஏறுகிறாள். அதுவும் தியாகம்தான். ஆனால் இந்த வீடு இவளை விடுமா என்று முதலிலிருந்தே நமக்குள் ஓடிய கேள்விக்கு அந்தப் பஸ்தான் பதில். இரண்டு படத்தையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள், நான் சொல்வதைவிடத் தெளிவாகப் புரியும்.

5. சேர்ந்தால்தான் சுபம் என்று எவனும் சட்டம் போடவில்லை. விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) குடும்பத்தை ஒட்டவைத்துவிட்டது என்று நாம் எழுந்திருக்கப் பார்க்கும்போது, ஒட்டவைத்த மருமகளே தனிக்குடித்தனம் கேட்கிறாள். கொட்டகையில் ஒருத்தர்கூட முனகவில்லை.

6. கடைசிப் பத்து நிமிஷத்தில் புது ஆள், புது வியாதி, புது விபத்து வேண்டாம்.

7. தெரிந்த முடிவுக்கும் சனங்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று பார்க்க, பங்குனி இரண்டாம் ஞாயிறு நம்ம வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக் காவடிக்கு வாருங்கள். சாகக் கிடந்தபோது வேண்டிக்கொண்டு பிழைத்தவர் பிணம்போலப் பாடையில் படுத்திருப்பார். முன்னால் கொள்ளிச்சட்டி, கூடவே பறை. முடிவு ஊருக்கே தெரியும். இருந்தும் தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பாடையை விட்டுவிட்டு, பக்கத்தில் நடந்து வரும் தாயின் முகத்தைப் பாருங்கள். பிள்ளை எழுந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பூசாரி தீர்த்தம் தெளிக்கிறவரைக்கும் அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.