வரி கூடினால் கணக்கைக் கேளுங்கள்



மொத்த வியாபாரத்தில் நாங்கள் பில்லையும் எடையையும் ஒத்துப் பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூட இறக்குவதில்லை. ஆனால் சொத்து வரி நோட்டீஸ் வந்தால் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறோம். அதையும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியைச் சீராய்வு செய்தது. நம் இலஞ்சி போன்ற பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதமும், வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதமும் உயர்வு என அறிவிக்கப்பட்டது. நம்மில் பலருக்கு முன்புறம் கடை, பின்புறம் வீடு. வீட்டுப் பகுதிக்குப் பழைய வரி அரையாண்டுக்கு ரூ.400 என்று வைத்துக்கொள்வோம். வீடு என்றால் ரூ.500 ஆகும். அதையும் கடைக் கணக்கில் சேர்த்துவிட்டால் ரூ.800. ஆண்டுக்கு ரூ.600 வீண்.

எனவே நோட்டீஸ் வந்ததும் பார்க்க வேண்டியவை: சதுர அடி சரியா? எந்தத் தெரு, எந்த மண்டலம்? ஓட்டுக் கட்டடமா, கான்கிரீட்டா? கட்டடத்தின் வயது என்ன? கடை எவ்வளவு, வீடு எவ்வளவு?

தவறு இருந்தால் நோட்டீசில் குறித்துள்ள கெடுவுக்குள் செயல் அலுவலருக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். டேப் வைத்து அளந்த வரைபடம், கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி மின் கட்டண ரசீது, பழைய வரி ரசீது ஆகியவற்றை இணையுங்கள். நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வாய்மொழிப் பேச்சு எங்கும் பதிவாகாது.

"குற்றால சீசன் மூன்று மாதம்தான், மற்ற நாளில் வியாபாரம் மந்தம்" என்று எழுதினால் மனு நிற்காது. வரி கட்டடத்துக்கு, கல்லாவுக்கு அல்ல. "800 சதுர அடி என்று போட்டிருக்கிறீர்கள், அளந்தால் 640" என்று எழுதினால் நிற்கும்.

மனு கொடுத்துவிட்டோம் என்று வரியை நிறுத்தவும் கூடாது. தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு; உச்சவரம்பு ரூ.5,000.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகிப்பவர்கள் குண்டூரைப் பாருங்கள். அங்கே வரி செலுத்துவோர் சங்கம் நகராட்சியை எதிர்த்து வழக்காடியது. மனம்போன போக்கில் வாடகை மதிப்புப் போடக்கூடாது, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியான நியாய வாடகையை ஒட்டியே மதிப்பிட வேண்டும் என்று 1970-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாடகைச் சட்டமும் வரி முறையும் நம் மாநிலத்தில் இன்று மாறிவிட்டன. வரிக்கு விதிப்படி கணக்கு இருக்க வேண்டும் என்ற நியாயம் மாறவில்லை.

நியாயமான வரியை நாம் மறுக்கவில்லை. தெருவிளக்கும் குடிநீரும் அதில்தான் நடக்கின்றன. கணக்கில் பிழை இருந்தால் திருத்தக் கேட்பது நம் உரிமை. இந்த வாரமே டேப்பை எடுத்துக் கடையை அளந்து வையுங்கள்.