ஒரு கடிதமும் இரு வினாக்களும்

மறைநூலைக் கற்பவர் அதனிடம் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். இது எப்போது, எந்தச் சூழ்நிலையில் எழுந்தது என்பது ஒன்று. கேட்பவரின் உள்ளத்தில் இது எத்தகைய மாற்றத்தை உண்டாக்க முற்படுகிறது என்பது மற்றொன்று. ஆதி கிறிஸ்தவ நூல்களை ஆராய்வதில் முதலாவதை வரலாற்றுத் திறனாய்வு என்றும், இரண்டாவதைச் சொல்வன்மைத் திறனாய்வு என்றும் கூறலாம். முன்னது 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் தழைத்தது. பின்னது பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சுக்கலையின் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டது. 1984இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் கென்னடி எழுதிய நூல் இம்முறைக்கு வலுவூட்டியது.

இவ்விரண்டின் பயனை அறிய, புனித பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் ஒன்றே போதும். அதில் இருப்பவை 25 வசனங்கள் மட்டுமே. பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவை, சிறையிலிருக்கும் பவுல் அவரிடமே திருப்பி அனுப்புகிறார்.

வரலாற்று ஆய்வாளர் முதலில் நம்மை நிதானிக்கச் செய்கிறார். ஒநேசிமு தப்பியோடியவன் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் கடிதத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. எஜமானரின் கோபத்தைத் தணிக்கவல்ல நண்பரை நாடி அவன் வந்திருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உண்டு. சிறை இருந்தது ரோமாபுரியிலா, எபேசுவிலா என்பதும் முடிவாகவில்லை. உரோமச் சட்டப்படி அடிமை எஜமானரின் உடைமை என்பது மட்டும் உறுதி.

சொல்வன்மை ஆய்வாளர் கவனிப்பது வேறு. கட்டளையிடும் உரிமை தமக்கு உண்டெனக் கூறும் பவுல், அதை விடுத்து அன்பின் பெயரால் வேண்டுகிறார். பத்தாம் வசனம் வரை ஒநேசிமுவின் பெயரையே எடுக்கவில்லை. அப்பெயருக்குப் ‘பயனுள்ளவன்’ என்பது பொருள். முன்பு பயனற்றிருந்தவன் இப்போது பயனுள்ளவன் என்று அதை வைத்தே சொல்லாடுகிறார். அவன் பட்ட கடனைத் தம் கணக்கில் எழுதச் சொல்கிறார். பிலேமோனின் வீட்டில் கூடும் சபையையும் முகவரியில் சேர்ப்பதால், அவருடைய முடிவுக்குச் சபையே சாட்சியாகிறது.

இந்த ஆய்வு ஏட்டளவில் நின்றதன்று. தப்பிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும்படி அமெரிக்காவில் 1850இல் சட்டம் இயற்றப்பட்டபோது, அடிமைமுறையை ஆதரித்தோர் இக்கடிதத்தையே சான்று காட்டினர். பவுல் அடிமையைத் திருப்பி அனுப்பினார் என்ற நிகழ்ச்சியை மட்டும் அவர்கள் பற்றிக்கொண்டனர். அவனை இனி அடிமையாக அன்றி அன்புச் சகோதரனாக ஏற்கும்படி அவர் வேண்டியதை எதிர்தரப்பினர் எடுத்துக்காட்டினர். விடுதலை செய் என்று பவுல் வெளிப்படையாகக் கூறவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் கடிதம் முழுவதும் எத்திசையில் பிலேமோனை நகர்த்துகிறது என்பதைப் பார்த்தவர், அதை விலங்காகப் பயன்படுத்த முடியாது.

நூலில் இல்லாததை ஏற்றிச் சொல்லாதபடி வரலாறு நம்மைக் காக்கிறது. நூல் நம்மிடம் கேட்பதைத் தட்டிக்கழிக்காதபடி சொல்வன்மை ஆய்வு காக்கிறது. மெய்யாகக் கற்க விரும்புபவருக்கு இரண்டும் தேவை.