பெயர் மாறிய சர்வர், வழி மாறிய மெயில்

கேள்வி: எங்கள் காபி எஸ்டேட் அலுவலகத்து உபுண்டு சர்வரின் பெயர் 'கிளியூர்'. போன மாதம் அதை 'சேர்வராயன்' என்று மாற்றி, பழைய பெயரைச் சேலம் கிளைக்கு வாங்கிய புது சர்வருக்குக் கொடுத்தோம். போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கோப்பிலும் பெயரை மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து இரவு பேக்கப் அறிக்கை எனக்கு வருவதில்லை. எல்லாம் சேலம் மெஷினில் குவிகிறதாம். யாராவது உள்ளே புகுந்து எங்கள் மெயிலைத் திருப்பிவிடுகிறார்களா? முதலாளியிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.
- க. மு., ஏற்காடு

பதில்: பயப்படாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் யாரும் உள்ளே புகவில்லை. அந்த மெயில்கள் உங்கள் நிறுவனத்தின் இன்னொரு மெஷினுக்குத்தான் போகின்றன. முதலாளியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே இயக்கும் நிரல்) ரூட் கணக்கில் (சர்வரின் நிர்வாகக் கணக்கு) ஓடும் வேலையின் அறிக்கையை 'ரூட்' என்ற வெறும் பெயருக்கு அனுப்புகிறது. அதன் பின்னால் சர்வரின் பெயரைச் சேர்ப்பது போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பவும் வாங்கவும் செய்யும் நிரல்). எந்தப் பெயரைச் சேர்ப்பது என்பதை 'மைஆரிஜின்' என்ற அமைப்பு சொல்லும். உபுண்டுவிலும் டெபியனிலும் அது வழக்கமாக, எட்சி அடைவில் உள்ள 'மெயில்நேம்' என்ற ஒற்றை வரிக் கோப்பைப் பார்த்துக்கொள்ளும். ஹோஸ்ட்நேமை மாற்றும் கட்டளை அந்தக் கோப்பைத் தொடாது. உங்கள் கடிதத்திலும் அதைப் பற்றிப் பேச்சில்லை. அங்கே இன்னும் 'கிளியூர்'தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

'மைடெஸ்டினேஷன்' (எந்தப் பெயர்களுக்கு வரும் மெயிலைத் தன்னுடையதாக ஏற்பது என்ற பட்டியல்) வரியில் மட்டும் பெயர் மாறிவிட்டது. எனவே கிளியூர் முகவரியோடு கிளம்பும் கடிதத்தை உங்கள் சர்வர் வெளியூர்க் கடிதமாக நினைத்து டிஎன்எஸ்ஸிடம் (பெயரைக் கேட்டால் மெஷினைக் காட்டும் சேவை) வழி கேட்கிறது. அது சேலத்தைக் காட்டுகிறது. ரூட்டுக்கு வருவதை உங்களுக்குத் திருப்பும் வரி 'அலியசஸ்' கோப்பில் இருந்தாலும் பயனில்லை. உள்ளூரில் சேரும் கடிதத்துக்குத்தான் அந்தக் கோப்பு படிக்கப்படும். அதை எத்தனை முறை திறந்து பார்த்தாலும் பிழை அகப்படாது.

மெயில்நேம் கோப்பில் புதுப் பெயரை முழுமையாக, டொமைனோடு எழுதுங்கள். 'ஹோஸ்ட்ஸ்' கோப்பிலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்து, ரூட்டுக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, மெயில் லாகைப் படியுங்கள். முகவரியில் சேர்வராயனும், 'ரிலே' என்ற இடத்தில் 'லோக்கல்' என்றும் இருந்தால் சரியாகிவிட்டது. அலியசஸ் வழியாக உங்கள் வெளி முகவரிக்குப் போகும் ஏற்பாடு என்றால், அடுத்து ஒரு வரியில் உங்கள் முகவரி வந்திருக்கும்.

பழைய பெயரையும் மைடெஸ்டினேஷனில் சேர்த்துவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். வேறு இடத்தில் அது நல்ல யோசனைதான், உங்களுக்கு வேண்டாம். கிளியூர் இப்போது சேலத்துடைய பெயர். இங்கேயும் அதை வைத்தால், உங்கள் சர்வரிலிருந்து சேலத்துக்குப் போக வேண்டிய மெயிலை இதுவே விழுங்கிவிடும்.

எனக்குள்ள கவலை வேறு. டிஸ்க் பழுதாகத் தொடங்கினால் ஸ்மார்ட்டி என்ற கண்காணிப்பு நிரலும், ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை) இருந்தால் அதன் காவல் நிரலும் எச்சரிக்கையை வழக்கமாக இதே ரூட்டுக்குத்தான் அனுப்பும். கோடை இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வரும் மலையில், அந்த எச்சரிக்கை கண்ணில் படாமல் போகக் கூடாது. அதனால் சேலத்தில் இருப்பவரிடம் சொல்லி, ரூட் பெட்டியில் குவிந்தவற்றை அழிக்காமல் அப்படியே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தேதிவாரியாகப் படியுங்கள். எந்த இரவின் அறிக்கை இல்லையோ, அன்றைய பேக்கப்பைத் திறந்து சரிபாருங்கள். கிரான் பட்டியலில் இல்லாத நேரத்தில், உங்களுக்குத் தெரியாத கணக்கின் பெயரில் ஏதாவது மெயில் தென்பட்டால் மட்டும், அந்த லாக் வரிகளோடு உடனே எனக்கு எழுதுங்கள்.