செந்நாய் ஓநாய்க்கு என்ன உறவு?

கேள்வி: தேனி மாவட்டத்தை ஒட்டிய மலைக்காடுகளில் செந்நாய், நீர்நாய், மரநாய் மூன்றும் உண்டு. மூன்றுமே நாய் இனம்தானா? ஓநாய்க்கு இவற்றில் எது உறவு?

பதில்: மூன்றில் செந்நாய் மட்டுமே நாய்க் குடும்பம். நீர்நாய் மஸ்டெலிடே என்னும் வேறு குடும்பம். மரநாய் புனுகுப்பூனைக் குடும்பம். நாயைவிடப் பூனைக்கே நெருக்கமானது. ஊர் வழங்கும் பெயர் தோற்றத்தைப் பார்த்து வருவது. அறிவியல் பெயர் உறவைச் சொல்ல வேண்டும்.

அறிவியல் பெயரில் முதற்சொல் பேரினம். இரண்டு சொற்களும் சேர்ந்தால் சிற்றினப் பெயர். 1758இல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் வெளியிட்ட நூலிலிருந்தே விலங்குப் பெயர்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஓநாய்க்கு அவர் இட்ட ‘கேனிஸ் லூபஸ்’ இன்றும் நிலைத்திருக்கிறது. செந்நாயையும் 1811இல் விலங்கியலாளர் பல்லாஸ் அதே பேரினத்தில் சேர்த்து, ‘கேனிஸ் ஆல்பினஸ்’ என்றார். 1838இல் இயற்கை அறிஞர் ஹாட்ஜ்சன் அதற்கென ‘குவோன்’ என்ற தனிப் பேரினத்தை வகுத்தார். செந்நாயைப் பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளம் பல். நாய்க்கும் ஓநாய்க்கும் 42 பற்கள். செந்நாயின் கீழ்த்தாடையில் இருபுறமும் கடைசிக் கடைவாய்ப்பல் கிடையாது, ஆகவே 40. இன்று அதன் பெயர் ‘குவோன் ஆல்பினஸ் (பல்லாஸ், 1811)’. பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் எழுதினால், பேரினம் பின்னர் மாறியது என்று பொருள். மரபணு ஆய்வும் செந்நாயை ஓநாய்க் கூட்டத்துக்குள்ளேயே தனிக்கிளையாக வைக்கிறது. ஓநாய்க்கு அது பங்காளி, உடன்பிறப்பு அல்ல.

பெயர் சரியாக அமைய, மாதிரி உடலைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இதற்குத் தேனி மாவட்டத்து மேகமலையே சான்று. 1948இல் அங்கு இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரணக் குட்டைமூக்கு வௌவால் என்று குறிக்கப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை மீண்டும் எடுத்துப் பார்த்தார். குட்டைமூக்கு வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும் வாலே இல்லை. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஒரே ஒரு சோடி வெட்டுப்பல். 1972இல் அது புதிய சிற்றினமாக மட்டுமன்றிப் புதிய பேரினமாகவும் அறிவிக்கப்பட்டது: ‘லாட்டிடென்ஸ் சலீமலியை’. முதற்சொல்லுக்கு ‘அகன்ற பல்’ என்று பொருள். இரண்டாவது சொல் பறவையியலாளர் சலீம் அலியைச் சிறப்பிப்பது.

தனிப்பெயர் இருந்தால்தான் ஒரு சிற்றினத்தைச் சட்டத்தில் தனியாகக் குறிக்க முடியும். பெயர் கிடைத்ததால்தான் அந்த வௌவால் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தன் பெயரிலேயே சேர முடிந்தது.