ஊர் உறங்கும்போது ஓடும் வண்டிகள்

பத்தாம் வகுப்பு மாணவி

நம் சென்னை மாநகரில் 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுவே. 1921-இல் மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி சாலை முதலிய இடங்களில் சுமார் 24 கிலோ மீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. 1953 ஏப்ரல் 12-ஆம் நாளோடு அந்தச் சேவை முடிந்தது. இது பலரும் அறிந்த வரலாறு. ஆனால் டிராம் பாதையைக் காப்பதற்கென்றே தனி வண்டிகள் உண்டு என்பதைச் சிலரே அறிவர். பயணிகளை ஏற்றாத அவற்றைப் 'பணி வண்டிகள்' எனலாம்.

அவை ஏன் தேவை? சென்னையின் அனுபவமே இதற்கு விடை கூறும். முதலில் இங்கு மின்கம்பி தலைக்கு மேலே செல்லவில்லை. சாலைக்கு அடியில் ஒரு கால்வாயில் பதிக்கப்பட்டிருந்தது. பருவமழை வெள்ளம் அதில் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது. எனவே, பின்னர் கம்பியைக் கம்பங்களில் உயர்த்திக் கட்டினர். பாதையைப் பேணாவிட்டால் எவ்வளவு அழகிய வண்டியும் ஓடாது என்பது இதனால் விளங்குகிறது அன்றோ!

டிராம் தண்டவாளம் சாலை மட்டத்திலேயே பதிந்திருக்கும். அதன் பள்ளத்தில் மண்ணும் கல்லும் சேர்ந்தால் சக்கரம் தடம் புரளக்கூடும். மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே திரும்பிச் செல்வதால் அழுக்கு அதற்கும் தடையாகும். ஆகவே டிராம் ஓடிய நகரங்களில் நீர் தெளித்துக் கழுவும் வண்டிகள் இருந்தன. சக்கரங்கள் ஓடி ஓடித் தண்டவாளத்தில் அலை போன்ற மேடுபள்ளங்கள் உண்டாகும். அவற்றைச் சாணைக்கல்லால் தேய்த்துச் சமன் செய்ய ஒரு வண்டி. மேல்கம்பியைப் பழுது பார்க்க உயர்ந்த மேடையுடன் ஒரு வண்டி. டொராண்டோ போன்ற குளிர் நகரங்களிலோ, பிரம்பினால் ஆன பெரிய சுழல் துடைப்பத்தால் பனியைப் பெருக்கிய வண்டிகளும் இருந்தன! பயணிகளுக்கு இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட பழைய வண்டிகளே பல ஊர்களில் பணி வண்டிகளாக மறுவாழ்வு பெற்றன.

டிராம் மறைந்தாலும் அந்தப் பணி மறையவில்லை. எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயில் பாதையிலும் மேல்கம்பி உண்டு. கடற்காற்றின் உப்பும் தூசும் அதைத் தாங்கும் பீங்கான்களில் படிந்தால் மின்சாரம் கசியும். ஆகவே அவற்றைத் துடைக்க வேண்டும். இத்தகைய வேலைகளுக்கு ரயில்வேயில் 'டவர் வேகன்' உண்டு. மின்சார ரயிலுக்கு உதவும் அந்த வண்டி டீசலில் ஓடுகிறது! கம்பியில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டுமே! அதன் கூரைமேல் நின்று வேலை செய்பவர்களின் உயிர், அந்த மின்தடையைச் சரியாகக் கடைப்பிடிப்பதில்தான் இருக்கிறது.

ரயில் பத்து நிமிடம் தாமதமானால் நாம் முணுமுணுக்கிறோம். நேரத்திற்கு வரும் நாட்களில் யாரையும் நினைப்பதில்லை. மறைவில் செய்யும் நற்செயலை இறைவன் காண்கிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். தோழியரே, இனி ரயிலுக்குக் காத்திருக்கும்போது ஒருமுறை மேலே அந்தக் கம்பியைப் பாருங்கள். நாம் உறங்கும் வேளையில் அதைச் செப்பனிட்ட கைகளையும் நன்றியோடு நினைப்போமாக!