சீட்டில்லாமல் விற்கும் மருந்து

ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர் பெட்டியில், தைலத்தோடும் சுருமாவோடும் இரண்டொரு அட்டை ஆண்டிபயாடிக் மாத்திரைகளும் இருப்பதுண்டு. "இங்கே டாக்டரிடம் போகவேண்டும், அங்கே கேட்டால் கொடுத்து விடுகிறார்கள்" என்பார்கள். உண்மைதான். மலேசியாவில் 1952ம் வருஷத்து விஷப் பொருள் சட்டப்படி இம்மருந்துகளை டாக்டரோ, அவர் சீட்டின் பேரில் மருந்துக் கடைக்காரரோதான் கொடுக்கலாம். (சீட்டு எழுதும் டாக்டரே தம் கிளினிக்கில் மருந்தும் விற்கும் இந்நாட்டு வழக்கத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

இந்தியாவில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1945ம் வருஷத்து மருந்து விதிகளில் 'எச்' அட்டவணை என்று ஒன்றுண்டு. அதிலுள்ளவற்றைச் சீட்டில்லாமல் விற்கலாகாது. 2014 மார்ச் முதல் 'எச்-1' என்று இன்னோர் அட்டவணையும் அமலுக்கு வந்தது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற அதிலுள்ள மருந்தை விற்பவர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனால், ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் அன்று அதில் சேர்க்கப்படவில்லை.

சட்டம் தெரிந்தும் கடைக்காரர் ஏன் விற்கிறார்? பேராசை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்து போகும். கடை வைத்திருக்கும் நமக்கு அந்தப் பதில் போதாது. மாலை நேரத்தில் ஒரு கூலியாள் இருமிக்கொண்டு வந்து நிற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். டாக்டரிடம் போனால் கட்டணம்; சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் அரைநாள் கூலி போய்விடும். "சீட்டு கொண்டு வாருங்கள் அண்ணே" என்றால் அவர் நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக் கொள்வார். கடைக்காரருக்கு நஷ்டம் ஓர் அட்டையின் லாபமல்ல. அந்த வீட்டுத் தாயாருக்கு மாதாமாதம் வாங்கும் நீரிழிவு மாத்திரையும், குழந்தைக்கு வாங்கும் பால்மாவும் அவரோடு போய்விடும். வாடிக்கை என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா?

இன்னொன்றும் உண்டு. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆண்டிபயாடிக்குக்கு வைரஸைக் கொல்லும் சக்தியில்லை. ஆயினும் ஐந்தாறு நாளில் காய்ச்சல் தானே விடும். பெயர் மாத்திரைக்கு வரும். அடுத்த தடவை வாடிக்கைக்காரர் காலி அட்டையைக் கொண்டுவந்து, "அதே மாத்திரை கொடுங்கள், கைகண்ட மருந்து" என்பார். டாக்டர்களும் சளிக்கு அதையே எழுதுவதைத் தினமும் பார்க்கிற கடைக்காரர், தாமே கொடுத்தால் என்ன என்று நினைக்கிறார். பத்து வாங்கினால் ஒன்று இனாம் என்று சரக்கு தள்ளும் கம்பெனிப் பிரதிநிதி வேறு. சில கடைகளில் சான்றிதழ் ஒருவருடையது, கல்லாவில் நிற்பவர் வேறொருவர்.

ஆபத்து எங்கே என்றால், காசு போதாமல் நாலு மாத்திரை கத்தரித்து வாங்குவதில் இருக்கிறது. உண்மையிலேயே கிருமிநோய் இருந்தால் அரைகுறை மருந்தில் பலவீனமான கிருமிகள் சாகும். வலுத்தவை பிழைத்துப் பெருகும். வீண் சளிக்குச் சாப்பிட்டாலோ, உடம்பில் சும்மா இருக்கும் கிருமிகள் மருந்துக்குப் பழகிக் கொள்ளும். பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945ல் நோபல் பரிசு பெற்றபோதே, கடையில் யாரும் வாங்கலாம் என்ற காலம் வந்தால் அறியாதவர் குறைவாகச் சாப்பிட்டுக் கிருமிக்கு வலுவூட்டி விடுவார் என்று எச்சரித்தார். 2019ல் மட்டும், மருந்துக்கு மசியாத கிருமிகளால் உலகில் சுமார் 12,70,000 பேர் இறந்ததாக ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர்.

கேரள சர்க்கார் 2024 ஜனவரியில் சோதனைகளைத் தொடங்கி, சீட்டில்லாமல் ஆண்டிபயாடிக் கிடையாது என்று ஒவ்வொரு மருந்துக் கடையிலும் எழுதிவைக்கச் சொன்னது. எல்லாக் கடையிலும் ஒரே பலகை தொங்கினால், மறுக்கும் கடைக்காரர் வாடிக்கைக்காரரிடம் சண்டை போட வேண்டியதில்லை, பலகையைக் கைகாட்டலாம். நாலு கடை தள்ளிப் போனாலும் அங்கேயும் அதே பலகைதான் இருக்கும்.