அம்மா எழுதிய நான்கு சொற்கள்

வித்துரா திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அங்கிருந்து பொன்முடி மலைக்குச் சாலை ஏறுகிறது. மலையில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. தோட்டத்து லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

அப்படி ஒரு லயத்தில் வாழ்ந்த அம்மாவின் கதை இது. கதையில் வரும் பூகம்பம் உண்மையாக நடந்தது.

அம்மாவின் மகன் நேபாள நாட்டில் வேலை பார்த்தான். காத்மாண்டு நகரில் ஓர் உணவு விடுதியில் அவன் சமையல்காரன்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. அம்மா கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

“அக்கா, டி.வி. பாத்தீங்களா? நேபாளத்துல பூகம்பமாம்! வீடெல்லாம் இடிஞ்சு கெடக்கு.”

அம்மா பதறினாள். மகனைப் போனில் அழைத்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. பத்து முறை அழைத்தாள். கிடைக்கவே இல்லை.

காத்மாண்டுவில் என்ன நடந்தது?

அங்கே மணி 11.56. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று தரை குலுங்கியது. பாத்திரங்கள் உருண்டன. மகன் சட்டென்று கேஸ் அடுப்பை அணைத்தான். எண்ணெய்ச் சட்டியை விட்டு விலகினான். மாவு பிசையும் மேசைக்கு அடியில் புகுந்தான். மேசைக் காலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கூட வேலை பார்த்தவர் வெளியே ஓடினார். வாசலில் செங்கற்கள் விழுந்தன. அவர் காலில் பலத்த அடி.

ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துக் குலுக்கல் நின்றது. மகன் அவரைத் தாங்கிக்கொண்டு வெளியேறினான். இருவரும் துண்டிகேல் என்ற பெரிய மைதானத்துக்குப் போனார்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருந்தார்கள். அருகில் இருந்த தரஹரா கோபுரம் இடிந்து கிடந்தது. ஒன்பது அடுக்குக் கோபுரம் அது.

மாலை 4 மணி. அம்மாவின் போன் ஒலித்தது. குறுஞ்செய்தி வந்திருந்தது. அம்மாவுக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். அதனால் மகன் தமிழிலேயே அனுப்பியிருந்தான். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அம்மா, நலம். மைதானத்தில் இருக்கிறேன். பணம் அறையில் இருக்கிறது. போய் எடுக்க வேண்டும்.”

அம்மாவின் கண் நிறைந்தது. ஆனால் கடைசி வரி அவளைத் திடுக்கிட வைத்தது. டி.வி.யில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார்கள். மீண்டும் நிலம் அதிரும். விரிசல் விட்ட வீட்டுக்குள் போகக்கூடாது.

அம்மா இதுவரை குறுஞ்செய்தி எழுதியதில்லை. அவள் எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினாள்.

“உள்ளே போகாதே ராசா. வேண்டாம்.”

நான்கே சொற்கள். மகன் அதைப் படித்தான். மைதானத்திலேயே தங்கிவிட்டான்.

மறுநாள் பகலில் நிலம் மீண்டும் பலமாக அதிர்ந்தது. அவன் தங்கியிருந்த அறையின் சுவர் சரிந்து விழுந்தது. பணம் போயிற்று. உயிர் தப்பியது.

இந்திய விமானப் படை விமானங்கள் அங்கிருந்த இந்தியர்களை அழைத்து வந்தன. மகனின் சட்டைப் பையில் வாக்காளர் அட்டை இருந்தது. அதைக் காட்டி விமானம் ஏறினான். டெல்லி வழியாக ஊர் வந்து சேர்ந்தான்.

பூகம்பம் ஏன் வருகிறது?

பூமியின் மேல் ஓடு பல பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது. இந்தியா இருக்கும் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. ஆசியத் தட்டை முட்டுகிறது. மூங்கிலை வளைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் முறியும். பாறையும் அப்படித்தான். அது உடைந்து நழுவும்போது நிலம் அதிர்கிறது.

அன்றைய பூகம்பத்தின் அளவு 7.8. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் அழிந்தன. பல ஆயிரம் வகுப்பறைகளும் இடிந்தன. நேபாளத்தில் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அதனால் பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள். மே 12 அன்று 7.3 அளவில் இன்னொரு பூகம்பம் வந்தது.

கேரளத்திலும் நிலம் அதிர்ந்தது உண்டு. 2000 டிசம்பர் 12 அன்று கோட்டயம் மாவட்டத்தில் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் அதிர்ந்தது. அதன் அளவு 5.

நினைவில் வையுங்கள்

1. நிலம் குலுங்கும்போது உறுதியான மேசைக்கு அடியில் புகுங்கள். தலையை மூடிக்கொள்ளுங்கள்.
2. குலுக்கல் நிற்கும் முன் படிக்கட்டில் ஓடாதீர்கள். லிப்டில் ஏறாதீர்கள்.
3. நின்றதும் திறந்த வெளிக்குப் போங்கள். சுவர், மின்கம்பம், மலைச்சரிவு அருகில் நிற்காதீர்கள்.
4. கேஸ் வாடை வந்தால் தீக்குச்சி உரசாதீர்கள்.
5. விரிசல் விட்ட வீட்டுக்குள் திரும்பப் போகாதீர்கள்.
6. போனில் பேச முடியாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.
7. வெளிநாடு போகிறவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணை எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி

1. மகன் மேசைக்கு அடியில் ஏன் புகுந்தான்?
2. அம்மா எழுதிய நான்கு சொற்கள் எவை? அவற்றை எழுதுங்கள்.
3. உங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போனவர் யார்? அவருடைய முகவரியையும் போன் எண்ணையும் எழுதி வையுங்கள்.